பழைய இன்ஜின் என்ன விலை பெறும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "அறிவுரை வேண்டாம். பசங்க போன வருசமே ஏகப்பட்டது கேட்டுட்டாங்க. உங்க தொழில்ல இருந்து ஏதாவது உபயோகமாச் சொல்லுங்க" என்றார். என் தொழில், இயந்திரங்களுக்கு மதிப்புப் போடுவது. வங்கிகள் கடன் கொடுக்கும்போதும், பங்காளிகள் பிரியும்போதும், ஆலை கை மாறும்போதும் என்னைப் போன்ற ஒருவனைக் கூப்பிட்டு, "இது எவ்வளவு பெறும்?" என்று கேட்பார்கள். பெரிய பெரிய மிஷின்களைப் பற்றிப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும். எனவே நம் வீட்டுத் தோட்டத்துச் சாமான் ஒன்றை எடுத்துக் கொள்கிறேன். பழைய ஆயில் இன்ஜின்.

வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் வந்திருப்பதால் ஒன்றை நினைவுபடுத்தி விடுகிறேன். பட்டணத்தில் தோட்டம் என்றால் ரோஜாச் செடியும் புல்தரையும். நம் மேட்டூர், மேச்சேரி, நங்கவள்ளி பக்கத்தில் கிணறு வைத்துப் பாசனம் பண்ணுகிற நிலம்தான் தோட்டம். மழையை நம்பி விதைக்கிறது காடு. ஆகவே நம் ஊரில் தோட்டத்துச் சாமான் என்றால் முதலில் வருவது தண்ணீர் இறைக்கிற சாமான்தான்.

மேட்டூரில் இருந்துகொண்டு கிணற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். அணை கட்டத் தொடங்கியது 1925. முடிந்தது 1934. அன்றைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அதில் பெரும்பகுதி போவது தஞ்சை டெல்டாவுக்கு. நம் பக்கத்துக்கு மேற்குக் கரை, கிழக்குக் கரை வாய்க்கால்கள் 1955ல் வந்தன. அவை பாய்வது 45,000 ஏக்கருக்கு. அணைக்கு மேற்புறமும் வடபுறமும் மேட்டில் இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் தலை காட்டும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்களை விட்டு மேடேறி வந்தவர்கள் கல்லைக் குடைந்து கிணறு வெட்டிக் கொண்டார்கள். என் தாய்மாமாவின் தகப்பனாரும் அப்படி வந்தவர்தான்.

வெட்டின கிணற்றில் முதலில் பூட்டியது கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோல் பறி மேலேறி வந்து தண்ணீரைக் கொட்டும். விடியற்காலை மூன்று மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறுகிற வரை ஓட்டுவார்கள். அதற்குக் கவலை என்று பெயர் வைத்தவன் நிச்சயமாக ஓட்டிப் பார்த்தவன்தான். எருதுக்குப் பதில் இன்ஜின் வைத்தால் கட்டுமா என்று இந்த மாகாணத்தில் முறையாகக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1900க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிணறுகளில் ஆயில் இன்ஜினும் பம்பும் வைத்து ஓட்டி, மாடு இறைக்கிற செலவையும் இன்ஜின் இறைக்கிற செலவையும் ஒப்பிட்டார். இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிணற்றில் ஊற்று இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்பது அப்படிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் கிணறு வற்றிவிட்டால் மீதி நேரம் இன்ஜின் சும்மா நிற்கும். இயந்திரத்தின் மதிப்பு இயந்திரத்துக்குள் மட்டும் இல்லை என்கிற இந்தப் பாடத்தை நான் என் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமா காலமானார். அத்தை முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவர் ஊரில் விவசாயம். சின்னவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூபர்வைசர். நடுவில் ஒரு பெண், நங்கவள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். காரியமெல்லாம் முடிந்து பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். நிலம் அளந்தாயிற்று, மாடு எண்ணியாயிற்று, பித்தளை அண்டா முதற்கொண்டு எழுதியாயிற்று. கிணற்று மேட்டில் ஓட்டுக் கொட்டகைக்குள் இருந்த பழைய இன்ஜினில் வந்து பேச்சு நின்றுவிட்டது.

பெரியவர் சொன்னார்: "மாப்ள, பழைய இரும்புக்காரன் வந்து பாத்துட்டான். மொத்தமா எட்டாயிரம் தாரங்கறான். குடுத்துட்டு எடத்தைக் காலி பண்ணலாம்." திருப்பூர்க்காரர் கையில் செல்போன். "அண்ணா, இங்கிலாந்துல இதே இன்ஜின் லட்ச ரூபாய்க்கு மேல போட்டிருக்கான், பாருங்க" என்றார். தங்கை கதவோரம் நின்றபடி என்னிடம் கேட்டாள்: "மச்சான், எடைக்குப் போடறதுன்னா எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணுமில்ல?"

அவள் கேட்டதில் நியாயம் மட்டும் இல்லை, சட்டமும் இருந்தது. மாமா தன் சொந்தப் பணத்தில் வாங்கிய சாமான் அது. உயில் எழுதாமல் போனால் அப்படிப்பட்ட சொத்து மகன், மகள் எல்லோருக்கும் சமம் என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலும் பெண்ணுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுமைக்கும் 2005லும் வந்தது. தோட்டத்துச் சாமான் தோட்டத்தோடு ஆண் பிள்ளைக்கு என்பது வழக்கமாக இருக்கலாம், சட்டம் அல்ல. ஆக எட்டாயிரமா, லட்சமா என்ற கேள்விக்கு மூன்று பேருக்கும் பொதுவான ஒரு பதில் வேண்டியிருந்தது. "படிச்சவன் நீதான், ஒரு வெலையைச் சொல்லு" என்று என் தலையில் கட்டினார்கள்.

மாணவ நண்பர்களே, இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது விலை சொல்லாமல் இருப்பது. முதலில் அது என்ன சாமான் என்று பார்க்க வேண்டும்.

நான் ஒரு பழைய துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். முதலில் தேட வேண்டியது பெயர்த் தகடு. உப்புத் தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, எழுத்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தாலே போதும். தகட்டில் கம்பெனி பெயர், வரிசை எண், குதிரைத்திறன், நிமிடச் சுற்று இவை இருக்கும். இதில் 'லிஸ்டர்' என்று இருந்தது. 6 குதிரைத்திறன், 650 சுற்று. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் செய்தது. 1930 வாக்கில் வந்த இந்த வகைக்கு 'கோல்டு ஸ்டார்ட்' என்று பெயர். அதற்கு முந்தைய பல இன்ஜின்களைப் போலத் தலையை விளக்கு வைத்துச் சூடாக்க வேண்டியதில்லை. வால்வைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியால் சுற்றி, வேகம் வந்ததும் விட்டால் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். நிமிடத்துக்கு 650 சுற்று என்றால், நான்கு அடிப்பு இன்ஜின் என்பதால் 325 வெடிப்பு. அந்தக் காலத்தில் சத்தத்தைக் கேட்டே யார் தோட்டத்து இன்ஜின் என்று சொல்லுவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜினை அப்படியே அச்செடுத்தாற்போல் குஜராத்தில் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். சேகரிக்கிறவர்களிடம் மட்டும் அசலுக்குத் தனி விலை. ஆகவே தகடு மட்டும் பார்த்தால் போதாது. வார்ப்பிலேயே எழுத்து இருக்கிறதா, தகட்டின் ஆணிகள் ஆதியில் அடித்தவையா, சிலிண்டர் தலையின் பக்கவாட்டில் அழுத்தத்தை மாற்றும் சிறிய கைச்சக்கரம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ராஜ்கோட் இன்ஜினால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. அதன் பாகங்கள் பழைய லிஸ்டருக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் பழைய இன்ஜினைப் புதுப்பிக்கிறவர்களே இந்தியப் பாகங்களை வரவழைத்துப் போட்டுக் கொள்கிறார்கள்.

அடுத்தது உடல்நிலை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் தட்டினால் ரிங்கும் வால்வும் ஓரளவு உயிரோடு இருக்கின்றன. சுற்றவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டால் பல இன்ஜின்கள் இளகிவிடும். சம்மட்டி எடுத்தால்தான் கெடும். குளிர் நாடுகளில் முதலில் வெடிப்பைத் தேடுவார்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் உறைந்து வார்ப்பைப் பிளந்துவிடும். மேட்டூர் வெயிலில் அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிரி உப்புத் தண்ணீர். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு உள்ளே படிந்து நீர்வழியை அடைத்துவிடும். பிறகு இன்ஜெக்டரும் எரிபொருள் பம்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சின்ன சாமான்கள், ஆனால் செலவு வைக்கிறவை. கடைசியாக, கைப்பிடி, டேங்க், கவர்னர் கம்பிகள், அடிச்சட்டம். மாமாவின் இன்ஜினில் இன்ஜெக்டர் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. சக்கரம் கால் சுற்று வந்து நின்றது.

இப்போது விலைக்கு வரலாம். நான் எப்போதும் மூன்று விலை போட்டுப் பார்ப்பேன். எடை விலை, வேலை விலை, ஆசை விலை.

எடை விலை சுலபம். இந்த ரகம் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். 320 என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு கிலோ 30 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்தால் 9,600 ரூபாய். விலை வாராவாரம் மாறும்; நீங்கள் போடும்போது அன்றைய விலையை இரண்டு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் வார்ப்பு கனமான, சுத்தமான வார்ப்பு. அதை உருக்கு ஆலைக்குப் போகிற தகரத்தோடு சேர்க்கக் கூடாது. வார்ப்படசாலைக்காரர்கள் தனியாகவே கேட்பார்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் எது இருந்தாலும் அதற்குத் தனி விலை. "மொத்தமா எட்டாயிரம்" என்பதில் உள்ள சூட்சுமம் அந்த 'மொத்தமா'தான். தராசு வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். அதே சமயம் ஏற்றுக்கூலி, டெம்போ வாடகை அவனுக்கும் உண்டு. அதைக் கழித்தால் எட்டாயிரம் மோசமான விலை என்று சொல்ல மாட்டேன். எடை விலை என்பது தரை. இதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது. அதனால்தான் இதை முதலில் போட வேண்டும்.

இரண்டாவது, வேலை விலை. நம் மெக்கானிக்கல் லேப் ஞாபகம் இருக்கிறதா? ஐந்து குதிரைத்திறன் கிர்லோஸ்கர், கயிறு பிரேக், எரிபொருள் அளக்கக் கண்ணாடிக் குழாய். ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்த நண்பர் ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். அந்தக் கணக்கேதான். 6 குதிரைத்திறன் என்றால் சுமார் 4,500 வாட். பெல்ட்டிலும் பம்பிலும் பாதி போய்விட்டது என்று வையுங்கள். மீதி பாதியில் 20 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்குச் சுமார் 11 லிட்டர் இறைக்கலாம். மணிக்கு 40,000 லிட்டர். எருதுகள் கனவிலும் இறைக்க முடியாது. சரி, செலவு? மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் மணிக்கு 120 ரூபாய்.

பக்கத்திலேயே மின் மோட்டார் இருக்கிறது. அதற்கு மணிக்கு எவ்வளவு? விவசாயிக்கு ஒன்றுமில்லை. பைகாராவில் 1932லும், மேட்டூர் அணையில் 1937லும் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 1937லேயே கோவையில் ஜி.டி. நாயுடு அவர்கள் மின் மோட்டார் செய்தார். கம்பி கிராமம் கிராமமாக ஏறி வர வெகு காலம் ஆயிற்று. அணைக்குப் பக்கத்திலேயே இருந்த குக்கிராமங்கள் கூடக் காத்துக் கிடந்தன. அந்த இடைவெளியில்தான் ஆயில் இன்ஜின் ராஜாவாக இருந்தது. 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அத்தோடு தண்ணீர் இறைக்கும் வேலையில் இன்ஜினின் விலை விழுந்தது. இன்ஜின் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, எதிரில் நிற்கிறவன் சும்மா வேலை செய்கிறான், அவ்வளவுதான்.

வேலை விலை எங்கே உயிரோடு இருக்கும் என்றால், மின் இணைப்புக்குக் காத்திருக்கிற தோட்டத்தில், கம்பி போகாத இடத்தில், சாணை பிடிக்கிற, கடலை உடைக்கிற சிறு தொழிலில். அதற்குக் கணக்கு இப்படி. இதே வேலை செய்யும் புது இன்ஜின் என்ன விலை என்று கேளுங்கள். கணக்குக்காக 40,000 என்று வைப்போம். நன்றாக ஓடுகிற பழையதற்கு அதில் பாதி கொடுப்பான், 20,000. ஓடவைக்க இன்ஜெக்டர், ரிங், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 12,000 ஆகும் என்றால் இன்றைய நிலையில் அதன் வேலை விலை 8,000. பார்த்தீர்களா, சுற்றி வந்து பழைய இரும்புக்காரன் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்! ஓடாத இன்ஜினுக்கு வேலை விலை எடை விலையைத் தாண்டுவது கஷ்டம். விற்கிறவர் முதலில் ஓடவைத்துவிட்டு விற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் ஓடவைக்கிற செலவை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு அதில் இறங்குங்கள்.

மூன்றாவது, ஆசை விலை. இது கணக்கில் அடங்காது, ஆனால் பொய்யில்லை. பழைய இன்ஜினைத் துடைத்து, வர்ணம் பூசி, கண்காட்சியில் ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் இங்கிலாந்தில் நிறைய. அங்கே லட்ச ரூபாய் என்பது நடக்காத விஷயம் அல்ல. ஆனால் திருப்பூர்த் தம்பி செல்போனில் பார்த்தது கேட்ட விலை. விற்ற விலை வேறு. யாரோ ஒருவர் கேட்கிறார் என்பதற்கும் யாரோ ஒருவர் கொடுத்தார் என்பதற்கும் நடுவே பெரிய ஆறே ஓடுகிறது. அப்புறம், அந்த இன்ஜின் டர்ஸ்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்முடையது மேச்சேரிக்குப் பக்கத்தில். 320 கிலோ இரும்பைக் கப்பல் ஏற்றி அங்கே சேர்க்கிற செலவை யார் தருவது? அங்கே இது ஊரில் விளைந்த சாமான் வேறு. சட்டமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள சாமான்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழமையான சாமான் கையில் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே ஆசை விலை போட வேண்டுமானால் நம் எட்டுகிற தூரத்தில் ஆசைப்படுகிறவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வரிசை எண்ணை எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்து, பொறியியல் கல்லூரிகள், சேகரிப்பாளர்கள், பழைய மெக்கானிக்குகள் என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும். ஒரு மாதம் பொறுத்தால் போதும். இரும்புக் கடை எங்கும் ஓடிவிடாது. வெட்டிப் போட்ட இன்ஜினுக்கு ஒரே ஒரு விலைதான், எடை விலை. வெட்டுகிற வரைக்கும் மூன்று விலையும் உண்டு.

இது தவிர நாலாவது ஒன்று இருக்கிறது, கணக்குப் புத்தக விலை. வணிகவியல் நண்பர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் 10,000 ரூபாய் இயந்திரம் பத்தாம் ஆண்டு 1,969 ரூபாய். முப்பதாம் ஆண்டு 76 ரூபாய். அது வரிக்காகப் போடுகிற கணக்கு. அந்த 76 ரூபாயைக் காட்டி யாராவது இயந்திரத்தைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, மாமா வீட்டுக்கு என்ன சொன்னேன்? மூன்று கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினேன். தரை எட்டாயிரத்திலிருந்து 9,600. அதற்கு மேலே உங்கள் மூன்று பேரில் யாருக்கு இது எவ்வளவு வேண்டும் என்பதுதான் விலை, அதை நான் சொல்ல முடியாது என்றேன். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "இந்த இன்ஜினை நானே எடுத்துக்கொள்ள இவ்வளவு தருவேன் என்று எழுதுங்கள். ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. யார் அதிகமோ அவருக்கு இன்ஜின். எழுதிய தொகையை மூன்றாகப் பிரித்து மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுக்க வேண்டும்" என்றேன்.

இந்த முறையில் ஒரு நல்லது உண்டு. குறைத்து எழுதினால் சாமான் போய்விடும். கூட்டி எழுதினால் கைக்காசு போகும். ஆகவே பெரும்பாலும் மனசில் உள்ளதை ஒட்டித்தான் எழுதுவார்கள். ஒரு குறையும் உண்டு. கையில் ரொக்கம் இல்லாதவர் ஆசை இருந்தாலும் எழுத முடியாது. ஆகவே ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, பாகத்தில் வருகிற மற்றச் சாமானில் கழித்துக் கொள்ளலாம் என்று சீட்டு எழுதும் முன்பே ஒப்புக்கொள்ள வைத்தேன். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் முடிவே வேறாக இருந்திருக்கும்.

பெரியவர் எழுதியது 10,000. சின்னவர் 12,000. செல்போனில் லட்சம் பார்த்தவர், தன் பணம் என்றதும் 12,000! தங்கை எழுதியது 18,000.

பெரியவருக்கு நம்ப முடியவில்லை. "என்னத்துக்கு இவ்வளவு? உனக்கு அங்க மோட்டார் இருக்குதில்ல?" என்றார். அவள் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல்ல இருந்தீங்க. அப்பாவுக்கு வால்வைத் தூக்கிப் புடிச்சது நான்தானுங்கண்ணா. ஏழு வருசம்." அதற்கு மேல் அங்கே யாரும் பேசவில்லை. தன் பங்குக்கு வந்த அண்டா, குத்துவிளக்கு, ஒரு கன்றுக்குட்டி ஆகியவற்றில் ஆறாயிரம் ஆறாயிரமாகக் கழித்து அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுத்தாள். இரும்புக்காரன் கணக்கில் ஆளுக்கு வந்திருக்கக்கூடிய 2,666 ரூபாயைவிட இருவருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. இன்ஜின் டிராக்டர் டிரெய்லரில் நங்கவள்ளி போய்ச் சேர்ந்தது. அவள் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். ராஜ்கோட்டிலிருந்து இன்ஜெக்டர் வரவழைத்துவிட்டான். சக்கரம் முழுச் சுற்று வருகிறது. இன்னும் ஓடவில்லை. ரிங் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கல்லூரி மாணவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உதவினால் விருந்துச் சாப்பாட்டுக்கு நான் உத்தரவாதம்.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிப் பணிமனையிலும் லேபிலும் கழிவென்று எழுதி ஒதுக்கி வைத்த இயந்திரங்கள் இருக்கும். எல்லாக் கல்லூரியிலும் இருக்கின்றன. அவற்றை மொத்தமாக ஏலம் விடும் முன்பு ஒவ்வொன்றின் தகட்டையும் துடைத்து எண்ணை எழுதி, எடை குறித்து, படம் எடுத்து ஒரு பட்டியல் போட வேண்டும். இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. மாணவர்கள் செய்யட்டும், முன்னாள் மாணவர்கள் நாங்கள் நான்கு பேர் கூட இருந்து மதிப்புப் போட்டுக் கொடுக்கிறோம். கூலி வேண்டாம். பட்டியலைப் பார்த்த பிறகு எடைக்குப் போட வேண்டியதைத் தாராளமாகப் போடலாம். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இடமும் வேண்டுமல்லவா?

இந்நாள் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஊருக்குப் போனதும் உங்கள் தோட்டத்துக் கொட்டகைக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அந்தச் சாமான் எப்போது வந்தது, என்ன விலைக்கு வந்தது, யார் ஓட்டினார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்க வருகிறவர் அந்த நோட்டைப் பார்த்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும். பாகம் பிரிக்கிற நாளில் அது இன்னும் அதிகமாக உதவும்.